தேய்மானத்தின் குரல்

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழியை அந்த ஆசிரியர் முப்பத்து மூன்று ஆண்டுகள் கற்பித்தவர். பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் அவரிடம் படித்த பிள்ளைகள் பலர். அத்தனை பேரும் அப்பழமொழிக்கு ஒரே விளக்கத்தைத்தான் எழுதியிருப்பார்கள். எறும்பு சிறியது, கல் வலியது, ஆயினும் இடைவிடாத முயற்சிக்குக் கல்லும் இடங்கொடுக்கும். ஆகவே மாணவர்களே, முயலுங்கள்! விடைத்தாளில் இவ்வாறு எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அப்பழமொழியில் எறும்போடு கல்லும் இருக்கிறது, அது சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது, அந்தத் தேய்மானத்தை யாரும் பார்ப்பதில்லை என்னும் எண்ணம் அவருக்கு வந்தது பணி ஓய்வு பெற்ற பிறகுதான். அதனை அவருக்கு உணர்த்தியவை எறும்புமல்ல, கல்லுமல்ல. காரின் முன்சக்கரத்துக்குள் ஒளிந்திருந்த ஓர் உள்ளங்கை அளவுள்ள பிரேக் கட்டை.

ஓடும் வண்டியை நிறுத்துவது என்பது, ஓட்டத்தில் அடங்கியிருக்கும் ஆற்றலை வேறொன்றாக மாற்றுவது. இக்காலக் கார்களில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதன் இருபுறமும் இரண்டு கட்டைகளை ஓர் இடுக்கி தாங்கி நிற்கும். ஓட்டுநர் காலால் மிதித்ததும் குழாயில் அடைபட்டிருக்கும் பிரேக் எண்ணெய் அழுத்தத்தைக் கடத்துகிறது, இடுக்கி இறுகுகிறது, கட்டைகள் தட்டைக் கவ்வுகின்றன. ஓட்டம் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தையும் உராய்வையும் தாங்கித் தாங்கிக் கட்டை தேய்கிறது. தேய்வது அதன் குற்றமன்று; தேய்வதே அதன் தொழில். புதிதாக இருக்கையில் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் கனமுள்ள உராய்வுப்பொருள் 3 மில்லிமீட்டராகக் குறையும்போது அதனை மாற்றிவிட வேண்டும் என்பது பட்டறைகளின் பொது வழக்கு.

இந்தத் தேய்மானம் மோட்டார் வண்டியோடு கூடவே பிறந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் தம் இரு புதல்வர்களை ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலேயே பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணத்தின் இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அவர் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரை நாடி, கட்டைகளின்மீது தோலை வைத்து ஆணியடிக்கச் செய்தார். தேய்வதற்கென்றே ஒரு பொருளை ஒட்டி, அது தேய்ந்ததும் மாற்றிக்கொள்வது என்னும் எண்ணத்தின் தொடக்கம் அது. பின்னர் 1902இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் தட்டு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் லெ மான் பந்தயத்தில் தட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்றது. 1955இல் வெளிவந்த சிட்ரோயென் டிஎஸ் கார், பெருமளவில் உற்பத்தியான வண்டிகளுக்கும் அதனைக் கொண்டுவந்தது. கண்டுபிடிப்புகள் மாறினாலும் பெர்த்தா பென்ஸ் அம்மையார் அன்று செய்த காரியம் மாறவில்லை. அவர் தேய்மானத்தைத் தக்க வேளையில் கவனித்தார். கவனித்ததும் வண்டியை நிறுத்தினார்.

பீடோரில் வாழும் அந்த ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை.

அவருடைய கார் ஒன்பது ஆண்டுகள் ஓடியது. பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, காலையில் வண்டி வீட்டு வாசலைவிட்டு நகரும்போது முன்பக்கத்திலிருந்து மெல்லிய ‘கீச்’ என்னும் ஒலி எழுந்துகொண்டிருந்தது. அதை முதலில் கேட்டவர் அவர் மனைவி.

“ஏங்க, இடப்பக்கச் சக்கரத்தில் ஏதோ கீச்சிடுகிறதே! பட்டறையில் காட்டிவிட்டு வாருங்களேன்,” என்றார் அம்மையார்.

“மழை ஈரம். சற்று ஓடினால் சரியாகிவிடும்,” என்றார் ஆசிரியர்.

உண்மையில் பிரேக்கை மிதித்தால் அவ்வொலி நின்றும் போயிற்று. மிதித்தால் நிற்கிற ஒலி பிரேக்கைச் சேர்ந்ததாக இருக்க முடியாது என்று அவர் முடிவு செய்தார். வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று வாசித்தால் தலை நிமிராமலே திருத்தக்கூடிய கூர்மையான காது அவருடையது. ல, ள, ழ வேறுபாட்டையும், ர, ற வேறுபாட்டையும் மறைக்க அவரிடம் எவராலும் இயலாது. அந்தக் காதுக்கு எட்டிய ஒலிதான் அது. கருத்துக்கு மட்டும் எட்டவில்லை. வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்தார்.

இரண்டு வாரங்களுக்குப் பின்னர், வேகமானிக்கு அருகில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. எண்ணெய்க் கடையில் ஒரு புட்டி வாங்கிவந்து, மூடியைத் திறந்து, கோடு வரைக்கும் தாமே ஊற்றினார். விளக்கு அணைந்துவிட்டது. இதற்காகப் பட்டறைக்குப் போயிருந்தால் ஐம்பது வெள்ளியாவது கேட்டிருப்பான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

விடுமுறை வந்தது. மனைவி, பத்து வயதுப் பேத்தி, ஆறு வயதுப் பேரன் ஆகியோருடன் கேமரன் மலைக்குப் புறப்பட்டார். ஏறும்போது எத்தொல்லையும் இல்லை. மேட்டில் ஏறுகிற வண்டிக்குப் பிரேக் அதிகம் தேவைப்படுவதில்லை அல்லவா? இரண்டு நாள் தேயிலைத் தோட்டங்களையும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவை நோக்கி இறங்கத் தொடங்கினார்கள்.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா அடிவாரத்து ஊர். இடையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. 1,400 மீட்டருக்கு அணுக்கமான இறக்கம். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சிறிதன்று. அது முழுவதும் வெப்பமானால் 30 பாகையில் இருக்கும் 70 லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்துவிடும். கியரைக் குறைத்து ஓட்டினால் அதில் ஒரு நல்ல பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். காற்றும் சிறிது வாங்கிக்கொள்ளும். கியரைத் தொடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருபவரின் வண்டியில் பெரும்பகுதிச் சுமை அந்தச் சிறு கட்டைகளின் தலையில்தான் விழும். ஆசிரியரின் கார் தானியங்கிக் கியர் உடையது. சமநிலச் சாலைக்கு வைத்திருந்த இடத்திலேயே அதை வைத்து, வளைவுதோறும் மிதித்துக்கொண்டே வந்தார்.

ரிங்லெட்டைத் தாண்டியபின் ‘கீச்’ ஒலி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ‘கரகர’ என்னும் ஒலி பிறந்தது. மிதிக்கும்போதெல்லாம் சுக்கான் அவர் கையில் நடுங்கியது. வண்டி ஒருபக்கமாக இழுத்தது. ஏதோ கருகும் வாடை உள்ளே வந்தது. இரட்டைக்கிளவி பாடத்தில் சலசல, கலகல, கரகர என்று பிள்ளைகளைக் கூட்டாகச் சொல்லவைத்தவருக்கு, அச்சொற்களுள் ஒன்று உயிரை உலுக்கக்கூடியது என்பது அப்போது விளங்கிற்று. பின்னிருக்கையில் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான். அம்மையார் எதுவும் பேசவில்லை. பேத்தியின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அருகில் வண்டிகள் நிற்கும் இடம் கண்ணில் பட்டதும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே ஒதுக்கி நிறுத்தினார்.

சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. விழித்துக்கொண்ட பேரன், “தாத்தா, அருவித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றலாமே!” என்றான். அதுவும் சரியென்றே அவருக்குப் பட்டது. நல்லவேளையாக, அதற்கு முன்பே தாப்பாவில் பட்டறை வைத்திருக்கும் தம் பழைய மாணவர் ஒருவரைக் கைப்பேசியில் அழைத்துவிட்டார்.

“தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சார். சூட்டில் இருக்கிற தட்டு வெடித்துவிடும், இல்லாவிட்டால் கோணிப்போகும். அப்படியே விடுங்கள். இழுவை வண்டியோடு வருகிறேன்,” என்றது மறுமுனைக் குரல்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியதும் அந்த மாணவர் ஆசிரியரை அருகில் அழைத்தார். வயது நாற்பதுக்கு மேலிருக்கும், காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் ‘சார்’ என்று அழைக்கும்போது ஐந்தாம் வகுப்பின் பணிவு மாறவில்லை. கழற்றிய கட்டைகள் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். வெளிக்கட்டையில் 5 மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. உட்கட்டையில் ஒன்றுமே இல்லை. அடித்தகடாகிய வெறும் இரும்புதான் சுழல்தட்டை உழுதிருந்தது. தட்டின் முகத்தில் ஏர் ஓட்டியதுபோல் கோடுகள்.

“ஒரே சக்கரம், ஒரே மிதி. இது மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டார் ஆசிரியர்.

“இடுக்கி நகர்வதற்கு இரண்டு ஊசிகள் இருக்கின்றன, சார். மசகு காய்ந்து துரு ஏறி ஊசி இறுகிவிட்டால் இடுக்கி நகராது. அப்புறம் உட்கட்டைதான் அதிகம் உழைக்கும். வெளியிலிருந்து சக்கரத்து இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிக்கட்டைதான் தெரியும். அது நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வோம்.”

பேத்தி மேசையருகே வந்து நின்றாள். உட்கட்டையின் ஓரத்தில் வளைந்து நீட்டிக்கொண்டிருந்த சிறு எஃகுத் துண்டைத் தொட்டு, “இது என்ன மாமா?” என்று கேட்டாள்.

“அதுதான் கீச்சென்று கத்தியது. கட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டராக மெலிந்ததும் இந்தத் துண்டு தட்டில் உரசும். உரசினால் கத்தும். கத்துவதற்கென்றே அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் பிரேக்கை மிதித்தால் கத்தல் நின்றுவிடும். அதனால் பிரேக்கில் கோளாறு இல்லையென்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.”

ஆசிரியர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

பட்டறையின் மறுமூலையில் விலையுயர்ந்த கார் ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து கழற்றிய கட்டையில் மெல்லிய கம்பி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது உணரி என்று மாணவர் விளக்கினார். கட்டைக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு கம்பி வளையம் புதைந்திருக்கும். உராய்வுப்பொருள் தேய்ந்து அந்த ஆழத்தை எட்டியதும் கம்பியும் தேய்ந்து அறுபடும், மின்னோட்டம் தடைப்படும், ஓட்டுநருக்கு முன் விளக்கு எரியும். சில வண்டிகளில் இரண்டு ஆழங்களில் இரண்டு வளையங்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்பதைக்கூட வண்டியின் கணினி மதிப்பிட்டுச் சொல்லிவிடும். அறுந்த உணரி மீண்டும் உதவாது. புதுக் கட்டையோடு புது உணரியும் பொருத்த வேண்டும்.

“அப்படியானால் அந்தக் கம்பி இருந்திருந்தால் தாத்தா காரில் ஒன்றும் ஆகியிருக்காது, இல்லையா?” என்றாள் பேத்தி.

மாணவர் சிரித்தார். “அதுவும் முழுப் பாதுகாப்பில்லை, அம்மா. பெரும்பாலும் முன்னால் ஒரு சக்கரத்திலும் பின்னால் ஒரு சக்கரத்திலும்தான் உணரி வைப்பார்கள். தான் இருக்கிற கட்டையைப் பற்றித்தான் அதற்குத் தெரியும். அடுத்த சக்கரத்துக் கட்டை தேய்ந்து போனாலும் அது பேசாமல்தான் இருக்கும். விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. உணரி வைத்த இடத்தில் இன்னும் தேயவில்லை என்றுதான் பொருள். ஆகவே ஆண்டுக்கொரு முறையாவது நான்கு சக்கரத்தையும் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.”

“என் வண்டியிலும் ஒரு விளக்கு எரிந்ததே, தம்பி! எண்ணெய் ஊற்றியதும் அணைந்துவிட்டது,” என்று ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மாணவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக விளக்கினார். கட்டை மெலிய மெலிய, அதைத் தள்ளும் பிஸ்டன் முன்னேறி நிற்கும். அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப எண்ணெய் கீழிறங்கும். மேலே கலத்தில் அளவு குறையும். ஒழுக்கு எங்குமில்லாமல் எண்ணெய் குறைந்தால் கட்டை தேய்ந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

“எண்ணெய் ஊற்றினால் விளக்கு அணையும், சார். கட்டை வளராது.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. சொல்லிவிட்டு, பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, இரண்டாண்டுக்கு ஒரு முறை அதை முழுவதும் மாற்றிவிட வேண்டும் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ‘டாட் 4’ வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் தோன்றினால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது என்றார். இவற்றை ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயினும் அவர் மனம் முன்னைய சொல்லிலேயே நின்றுவிட்டது.

முப்பதாண்டுகளுக்கு முந்தைய ஒரு மதிப்பெண் அட்டை அவர் நினைவுக்கு வந்தது. இதே மாணவன்தான். மூன்றாம் வகுப்பில் முன்வரிசை. நான்காம் வகுப்பில் நடுவரிசை. ஐந்தாம் வகுப்பில் சன்னலோரக் கடைசி மேசை. கையெழுத்து சிறிது சிறிதாகக் கோணியது. வீட்டுப்பாடம் குறைந்தது. சில காலைகளில் உறங்கினான். அவன் குறும்பு செய்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. சத்தம் போட்ட பிள்ளைகளைக் கவனிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. ஆண்டிறுதித் தேர்வில் அவன் 31 மதிப்பெண் பெற்றிருந்தான். நாற்பது பெற்றால்தான் தேர்ச்சி. வகுப்பில் அவன் ஒருவனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கெடக்கூடாது என்று கருதி, ஒன்பது மதிப்பெண்ணைக் கூட்டி அட்டையில் 40 என்று எழுதினார். தலைமையாசிரியர் பாராட்டினார். பையனுக்கும் நன்மை செய்ததாகவே அவர் அன்று நம்பினார். விளக்கு அணைந்துவிட்டது.

ஆறாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

புதுக் கட்டைகளும் புதுத் தட்டுகளும் பொருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்மையாரும் பிள்ளைகளும் எதிரிலிருந்த கடையில் தேநீர் அருந்தச் சென்றிருந்தனர். ஆசிரியர் முக்காலியில் அமர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டிருந்த மாணவரிடம் கேட்டார்:

“தம்பி, ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில் உன் வீட்டில் என்ன நடந்தது?”

இக்கேள்வியை எதிர்பாராத அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

“அப்பாவுக்கு நெஞ்சுச்சளி. நிரையைக் கைவிட்டால் வீடு போய்விடும் என்று அம்மா பயந்தார்கள். விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் நானும் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய்விடுவேன், சார். மங்கு துடைத்துக் கொடுப்பேன். ஏழு மணிக்கு ஓடிவந்து குளித்துப் பள்ளிக்கு வருவேன். அதுதான் வகுப்பில் தூக்கம்.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே!”

“நீங்கள் கேட்கவில்லையே, சார்.”

அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. நடந்ததைச் சொல்லும் தொனிதான் இருந்தது. ஆசிரியருக்கு மறுமொழி கிடைக்கவில்லை. கூலியைக் கொடுத்தபோது மாணவர் பாதியைத் திருப்பிக் கொடுக்க முனைந்தார். ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. முழுத்தொகையையும் அவர் கையில் வைத்து, அக்கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

புறப்படுமுன் மாணவர் சன்னலருகே குனிந்து, “முதல் சில நாள் மெதுவாக மிதித்துப் பழக்குங்கள், சார். புதுக் கட்டையும் புதுத் தட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்குக்கு வேலை நான்கு மடங்கு. இறக்கத்தில் கியரைக் குறைத்துவிடுங்கள்,” என்றார். ஆசிரியர் தலையசைத்தார். ஐந்தாம் வகுப்பு மாணவனைப்போல் கவனத்தோடு அசைத்தார் என்று அம்மையார் பின்னர் மகளிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

இப்போது சாலைக்கு வரும் மின்சாரக் கார்களில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கட்டைக்கு வேலை குறைவு, நெடுநாள் உழைக்கிறது. ஆனால் வேலையின்றிக் கிடக்கும் தட்டில் துரு ஏறுகிறது. அசையாத ஊசி இறுகுகிறது. தேய்மானம் குறைந்தாலும் கவனிப்பின் தேவை குறையவில்லை. கருவி எவ்வளவு வளர்ந்தாலும், சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஒருவரின் கண்ணுக்கு ஈடாக அது இன்னும் வந்துவிடவில்லை.

ஆசிரியர் ஓய்வுக்குப் பின்னரும் சனிக்கிழமைதோறும் தம் வீட்டு முன்கூடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துவருகிறார். மலையிலிருந்து திரும்பிய வாரத்தில் அவர் கரும்பலகையில் அதே பழமொழியை எழுதினார். வழக்கமான விளக்கத்தைப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். “சரி. இன்று எறும்பை விட்டுவிடுவோம். அந்தக் கல்லுக்கு வாயிருந்தால் என்ன சொல்லும் என்று எழுதுங்கள்,” என்றார். பிள்ளைகள் வியப்போடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்கள்.

அவர் தம் குறிப்பேட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் நான்கு சக்கரங்களின் கட்டைக் கனமும், பார்த்த நாளும், அடுத்துப் பார்க்க வேண்டிய நாளும் எழுதப்பட்டிருந்தன. இரண்டாம் பக்கத்தில் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டிய நாளைக் குறிக்க இடம் விட்டார். வகுப்பில் சத்தமே போடாத பிள்ளைகளின் பெயர்கள் அப்பட்டியலில் முதலில் இருந்தன.